டிவி ஸ்ரீபெரும்புதூரில் தயார்... அதில் ஓடும் படத்தின் பெயர் எங்கே தயார்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி என்றதும் கார், செல்போன் நினைவுக்கு வரும். டிவியும் அங்கே தயாராகிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் உள்ள சாம்சங் ஆலை 2007-ல் தொடங்கப்பட்டது. டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கே உருவாகின்றன.

ஆனால், டிவியை ஆன் செய்ததும் "இப்போது என்ன ஓடுகிறது, அடுத்து என்ன, நடித்தவர் யார், எந்த வருஷப் படம்" என்று ஒரு பட்டியல் வருகிறதே, அது எந்த ஆலையிலும் தயாராவதில்லை. அதற்கென்றே தனியாக ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலில் தமிழ் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று கேட்கவேண்டிய நேரம் இது.

அப்படி என்ன தொழில்?

சேனல்கள் தரும் நிகழ்ச்சி நேரங்களைச் சேகரிப்பது, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, கதைச் சுருக்கம், நடிகர் பெயர், படம் எல்லாம் சேர்ப்பது, பிறகு டிடிஹெச் நிறுவனம், டிவி கம்பெனி, ஆப், பத்திரிகை என்று கட்டணத்துக்குக் கொடுப்பது. இதுதான் வேலை.

இதில் முக்கியமானது, ஒவ்வொரு படத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண். 1986-லும் ஒரு 'விக்ரம்', 2022-லும் ஒரு 'விக்ரம்'. ரெண்டுலயும் ஹீரோ கமல்தான்! 'ஆயிரத்தில் ஒருவன்' என்றால் 1965-ல் எம்.ஜி.ஆர்., 2010-ல் செல்வராகவன். எண் இல்லையென்றால் பழைய படத்துக்குப் புதிய போஸ்டர் வந்து உட்கார்ந்துவிடும்.

இந்தத் துறையின் பெரிய பெயர் கிரேஸ்நோட். அதன் வேர் 1990-களில் இருந்த சிடிடிபி என்ற இசைத்தட்டுப் பட்டியல். சிடியில் உள்ள பாடல் பெயர்களை ரசிகர்களே டைப் செய்து இலவசமாக அனுப்பினார்கள். அந்தப் பட்டியல் பிறகு கம்பெனியின் சொத்தானது. 2008-ல் சோனி வாங்கியது. 2014-ல் டிவி பட்டியல் தொழிலில் ஏற்கெனவே இருந்த அமெரிக்காவின் டிரிப்யூன் குழுமம் வாங்கியது. அதே ஆண்டு, இந்திய சேனல்களின் பட்டியலைத் தந்துவந்த 'வாட்ஸ் ஆன் இந்தியா' நிறுவனத்தையும் டிரிப்யூன் சுமார் 2.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் கிரேஸ்நோட் 56 கோடி டாலருக்கு நீல்சன் கைக்குப் போனது. வெறும் பெயர்ப் பட்டியலுக்கா இவ்வளவு விலை? ஆமாம். பட்டியலில் இருப்பதுதான் கண்ணில் படும். கண்ணில் படுவதைத்தான் பார்ப்போம்.

சிக்கல் எங்கே?

உங்கள் டிவியில் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். மெனு தமிழாகும். படத்தின் பெயர் பல நேரம் ஆங்கில எழுத்திலேயே நிற்கும். 'வாழை' என்பதில் உள்ள ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவதா, எல் போடுவதா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுத, தேடினால் படம் சிக்காது. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை, ஒரே ஸ்பெல்லிங்தான்.

"ஆங்கிலத்துல இருந்தா என்ன, படிச்சுக்கலாமே" என்று நீங்கள் சொல்லலாம். உங்களால் முடியும். வீட்டில் ரிமோட் கையில் இருக்கும் அம்மாவுக்கு? ஷிஃப்ட் முடித்து அறைக்கு வரும் தொழிலாளிக்கு? ஒரகடத்தில் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவரவர் படத்தை அவரவர் எழுத்தில் காட்டுவது டிவிக்குப் பெரிய விஷயமே இல்லை. தரவில் அந்த எழுத்து இருந்தால் போதும்.

செலவு யார் செய்வது?

நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்ப் படங்களின் பட்டியலைப் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாக வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற நூலாகவே தந்துவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் காலத்துக்கு முன்பே அவர் செய்தது இதே வேலைதான்.

செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, தமிழ் சேனல்கள் நிகழ்ச்சி நேரத்தை அனுப்பும்போதே பெயரைத் தமிழிலும் அனுப்ப வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. இரண்டு, டிராய் இதில் தலையிட வேண்டும். டிவி வழிகாட்டியில் சேனல்களை வகைவாரியாக, மொழிவாரியாக அடுக்க வேண்டும் என்று 2017-ல் அது விதி போட்டது. வரிசைக்கு விதி போட முடிந்தால் எழுத்துக்கும் போடலாம். மூன்று, தமிழ்ப் படங்களின் அடிப்படைத் தகவல் எல்லோருக்கும் பொதுவான ஒரு திறந்த பட்டியலில் இருக்க வேண்டும். விக்கித்தரவு அப்படி ஒன்று. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம்.

சிடிடிபி கதை சொல்லும் பாடமும் இதுதான். உழைப்பு ஊருடையது என்றால், பட்டியலும் ஊருடையதாக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் டிவி பெட்டியை உருவாக்கத் தெரிந்த நமக்கு, அதில் ஓடும் படத்தின் பெயரைத் தமிழில் எழுதுவது கஷ்டமான வேலையா என்ன?