ஜவுளிக்கடைக் கவர்

என் மகளின் அந்தச் சுடிதாரை ஆஸ்பத்திரியில் என் கையால்தான் மடித்துக் கொடுத்தேன். மழையில் நனைந்து சேறும் ஈரமுமாக இருந்தது. "ஏதாவது கவர்ல போட்டுக் குடும்மா" என்றார்கள். என் பையில் தீபாவளிக்குத் துணி எடுத்த ஜவுளிக்கடைக் கவர் கிடந்தது. அதில் போட்டேன். வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நாலு வருஷம் கழித்து கோர்ட்டில்தான் தெரிந்தது. ஈரத்துணியை பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடுமாம். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு சீல் வைக்கணுமாம். 2014லேயே மத்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்க எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு நடந்தது 2019ல். அதுவரைக்கும் அந்தக் காகிதம் எந்த பீரோவில் தூங்கியது? 'மாதிரி சிதைந்துள்ளது, முடிவு கூற இயலவில்லை.' ஆய்வகத்திலிருந்து வந்த இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொடுமையைச் செய்தவன் வெளியே வந்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். "போலீஸ் மெமோ இல்லாம தொட மாட்டோம்" என்றார்கள். நேராக வந்தாலும் பரிசோதிக்கணும் என்று அதே முறையில் இருக்கிறது. எனக்கு யார் சொன்னது? பிள்ளை பெஞ்சில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். துணியை மாற்றி, முந்தானையை நனைத்து உடம்பெல்லாம் துடைத்துவிட்டேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்? துடைக்காதே என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்குமா வாய் இல்லை?

மூணு மணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு விரலை விட்டுப் பார்த்து, 'உறவுக்குப் பழக்கப்பட்டவள்' என்று எழுதினார்கள். அந்தச் சோதனையே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது. 2022ல் மறுபடியும் சொன்னது. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? "அவனைக் கீறினேன், கீறினேன்" என்று பிள்ளை கதறினாளே, அவள் நகத்துக்கு அடியில் சுரண்டி எடுத்தீர்களா? செத்தவளை அறுக்க ஒரு முறை வைத்திருக்கிறீர்கள். உயிரோடு வந்தவளுக்கு மட்டும் டூட்டியில் இருப்பவருக்குத் தோன்றினபடியா?

"ஏம்மா அந்தக் கவர்ல போட்ட?" என்று அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். இப்போது துணி எடுத்தால் கவரைக் கடையிலேயே போட்டுவிட்டு, துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறேன்.

டாக்டரம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு காகித உறை என்ன விலை?