வெள்ளை போர்டும் ஒரு மாவுக்கட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லீங்க. வலது கையில ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆபீஸ்ல பாதிப் பேர் "என்ன சார், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டீங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சாச்சு. :-) நானும் சிரிச்சேன். அதுல ஒரு உள்குத்து இருக்கு, கடைசியில சொல்றேன்.

நடந்தது இதுதான். போன ஐப்பசி மழையில ஒரு சாயங்காலம். கிண்டி ஸ்டேஷன்ல இறங்கி வேளச்சேரி போகணும். ஆட்டோக்காரர் 250 ரூபா கேட்டார். போன்ல இருந்த ஆப் 68 ரூபான்னு காட்டுச்சு. நடுத்தர வர்க்கத்து மனசு எந்தப் பக்கம் சாயும்னு உங்களுக்குச் சொல்லணுமா? பைக் டாக்சியைக் கூப்பிட்டேன். இருபது இருபத்தோரு வயசுப் பையன் வந்தான். குருநானக் காலேஜ் தாண்டினதும் முன்னால போன ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த சடார்னு நின்னுது. இவன் பிரேக் அடிச்சான். ஈர ரோடு. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஷேர் ஆட்டோ போயே போச்சு.

பையனுக்கு முட்டியில நல்ல சிராய்ப்பு. எனக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. அந்த வலியிலயும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, போலீஸ் மட்டும் வேணாம்ணா. வண்டி எங்க மாமாவோடது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கு."

அப்பதான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வெள்ளை போர்டு. அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவு பண்ண வண்டி. ஏறும்போது அதைக் கவனிக்கவே இல்ல.

கையைக் கட்டிக்கிட்டு வீட்டுல சும்மா இருந்த ஆறு வாரத்துல, இந்தச் சட்டத்தைத்தான் படிச்சேன். வக்கீல் நண்பர் ஒருத்தர் பொறுமையா விளக்கினார். தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டா உங்களுக்கும் கோபம் வரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 படி எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சரி, பில்லியன்ல உட்கார்ந்து போறவன் மூன்றாம் நபரா? இல்லை. சொந்த உபயோக டூவீலர்ல பின்னாடி உட்கார்ந்தவருக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாதுன்னு 2006லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. காம்ப்ரிஹென்சிவ்னு சொல்றோமே, அந்த பேக்கேஜ் பாலிசி இருந்தா பின்னாடி இருக்கறவருக்கும் கவர் உண்டுன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009ல தெளிவுபடுத்துச்சு. ஆனா அதுலயும் ஒரு கொக்கி. சொந்த வண்டி பாலிசியில "வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது"ன்னு ஒரு வரி இருக்கும். நான் 68 ரூபா கொடுத்த அந்த நிமிஷமே அந்த வரி எனக்கு எதிரா எழுந்து நிக்குது.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. அந்தப் பைக் ரோட்டுல நடந்து போன யார் மேலயாவது மோதியிருந்தா, அவர் மூன்றாம் நபர், அவருக்குக் காப்பீடு உண்டு. ஓடிப்போன ஷேர் ஆட்டோவைப் பொறுத்தவரைக்கும் நானும் மூன்றாம் நபர்தான், அது மேல தப்புன்னு நிரூபிச்சா அதோட இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குத் தரணும். ரெண்டு வண்டி மேலயும் தப்பு இருந்தா, அடிபட்டவர் ரெண்டுல யார்கிட்ட வேணாலும் முழு இழப்பீட்டையும் கேக்கலாம்னு 2015ல ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. ஆனா காசு கொடுத்து நான் ஏறின வண்டிக்கு மட்டும் நான் யாருமே இல்ல!

சரி, ஆப் கம்பெனி? ஹெல்ப்லைன்ல ரெண்டு நாள் போராடின பிறகு ஒரு மெயில் வந்துச்சு. "உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை"ன்னு ஆரம்பிச்சு, "நாங்கள் ஓட்டுநரையும் பயணியையும் இணைக்கும் தளம் மட்டுமே"ன்னு முடிஞ்சுது. விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு இருக்காம், எஃப்.ஐ.ஆர். நகல் அனுப்பினா பரிசீலிப்பாங்களாம்.

"இணைக்கும் தளம்"ங்கறது அவங்க கற்பனை இல்ல. 2019 சட்டத் திருத்தத்துல அக்ரிகேட்டர்ங்கறதுக்குக் கொடுத்த விளக்கமே பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கற டிஜிட்டல் இடைத்தரகர்ங்கறதுதான். ஆனா கொஞ்சம் யோசிங்க. கட்டணத்தை யார் முடிவு பண்றது? ஆப். எந்த ஓட்டுநர் வரணும்னு யார் சொல்றது? ஆப். எந்த வழியில போகணும்னு மேப் போடறது? ஆப். ரேட்டிங் குறைஞ்சா அந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கறது? அதுவும் ஆப்தான். விழுந்தா மட்டும் தரகராம்.

இது புதுசான கேள்வியும் இல்ல. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒரு தனியார் பஸ்ஸை டிரைவரோட வாடகைக்கு எடுத்து ஓட்டுச்சு. விபத்து ஆச்சு. "பஸ்ஸும் எங்களோடது இல்ல, டிரைவரும் எங்க ஆள் இல்ல"ன்னு கழகம் வாதாடிப் பார்த்துச்சு. டிரைவர் யாரோட கட்டுப்பாட்டுல ஓட்டினாரோ அவங்கதான் பொறுப்புன்னு 1997ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அங்கே கட்டளை போட்டது கண்டக்டரோட விசில். இங்கே போன்ல வர்ற டிங் டிங் சத்தம். வேற என்ன வித்தியாசம்?

அமெரிக்காவுல இந்தக் குழப்பம் நமக்கு முன்னாடியே வந்துச்சு. 2013 டிசம்பர் 31 ராத்திரி, சான் ஃபிரான்சிஸ்கோவுல ரோட்டைக் கடந்த ஒரு குடும்பத்து மேல ஊபர் ஓட்டுநர் ஒருத்தரோட கார் மோதி ஆறு வயசுக் குழந்தை இறந்துபோச்சு. ஆப் ஆன்ல இருந்தது, ஆனா காருக்குள்ள பயணி இல்ல. அதனால எங்க பாலிசி பொருந்தாதுன்னுச்சு கம்பெனி. ஊரே கொதிச்சுது. கலிஃபோர்னியா 2014ல சட்டம் போட்டு, 2015 ஜூலையில இருந்து நேரத்தைக் கூறு போட்டுப் பொறுப்பை நிர்ணயிச்சுது. ஆப் ஆன் பண்ணிக் காத்திருக்கும்போது மத்தவங்களுக்குக் காயம்னா ஆளுக்கு 50,000 டாலர், ஒரு விபத்துக்கு 1,00,000 டாலர் வரைக்கும். சவாரியை ஒத்துக்கிட்டதுல இருந்து இறக்கி விடற வரைக்கும் 10 லட்சம் டாலர். அது பூரணமான சட்டம்னு சொல்ல வரல. ஆனா "அந்த நேரத்துல யார் பொறுப்பு?"ங்கற கேள்விக்கு அங்க எழுத்துல ஒரு பதில் இருக்கு.

நம்ம ஊர்ல மத்திய அரசு 2020ல ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு, 2025 ஜூலையில அதைத் திருத்திச்சு. பயணிக்கு குறைந்தது 5 லட்சம் காப்பீடு, மாநில அரசு அனுமதிச்சா வெள்ளை போர்டு பைக்கும் ஓடலாம்னு அதுல இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா வழிகாட்டுதல்ங்கறது மாநிலங்கள் எடுத்துக்கிட்டாதான் உயிர் பெறும். அதோட 5 லட்சம் விபத்துக் காப்பீடு வேற, இழப்பீட்டுப் பொறுப்பு வேற. வயசு, சம்பளம், ஊனம் எல்லாம் கணக்குப் போட்டுத் தீர்ப்பாயம் கொடுக்கற தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. முப்பது வயசுல கை போனவனுக்கு 5 லட்சம் எந்த மூலைக்கு?

என் மனசை அறுக்கற இடத்துக்கு இப்ப வர்றேன். பாலிசி நிபந்தனையை மீறி ஓட்டின வண்டின்னா, நீதிமன்றங்கள் பல வழக்குல "முதல்ல பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவு போடும். சில வழக்குல இன்சூரன்ஸ் கம்பெனியை முழுசா விடுவிச்சு ஓனர் தலையிலயே கட்டும். எப்படிச் சுத்தினாலும் கடைசியில மாட்டப் போறது அந்தப் பையனோட மாமா. ஆப் கம்பெனி வேடிக்கை பார்க்கும். நான் வழக்குப் போட்டா, 68 ரூபாய்ல தன் பங்கை வாங்கினவனோட வீட்டு மேல போடற வழக்கு அது.

அதனால என்ன பண்ணேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டப்ப, "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்"னு சொன்னேன். ஆமாங்க, அதே பாத்ரூம் கதைதான். லாக்கப்ல சொல்லச் சொல்லி யாரும் மிரட்டல, நானாவே சொன்னேன். ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பாதி போச்சு, மீதி என் கைக்காசு.

அது நல்ல காரியமா? அப்போ அப்படித்தான் தோணுச்சு. இப்ப சந்தேகமா இருக்கு. எனக்கு மணிக்கட்டோட போச்சு, ஆபீஸ் இன்சூரன்ஸும் இருந்துச்சு. தினக்கூலிக்குப் போற ஒருத்தர் இதே மாதிரி விழுந்து, பையனைப் பார்த்துப் பாவப்பட்டிருந்தா? அவர் குடும்பத்தோட பாவத்துக்கு யார் பொறுப்பு? நான் சொன்ன பொய்யால அந்தப் பையன் தப்பிச்சான்னு நினைச்சேன். யோசிச்சுப் பார்த்தா, நிஜமா தப்பிச்சது ஆப் கம்பெனி. கணக்குல ஒரு விபத்து குறைஞ்சுது, அவ்வளவுதான்.

என் கருத்து ரொம்ப எளிமையானது. போர்டு வெள்ளையோ மஞ்சளோ, சவாரியை ஒத்துக்கிட்டதுல இருந்து இறக்கி விடற வரைக்கும் பயணிக்கு முதல் பொறுப்பு ஆப் கம்பெனியோடதுன்னு சட்டத்துலயே எழுதணும். குடிச்சுட்டு ஓட்டினது மாதிரி பெரிய தப்பு இல்லாத வரைக்கும் ஓட்டுநர்கிட்ட திரும்ப வசூல் பண்ணக் கூடாது. ஓ.டி.பி. காட்டற அதே திரையில பாலிசி நம்பரையும் காட்டணும். இதனால கட்டணம் கொஞ்சம் ஏறும்பீங்க. ஏறட்டுமே. இப்ப மிச்சம் பிடிக்கற காசு அந்தப் பையனோட முட்டியில இருந்தும் என் மணிக்கட்டுல இருந்தும்தான் வருது.

அதுவரைக்கும் நீங்க என்னை மாதிரி இருக்காதீங்க. ஏறும் முன்னாடி போர்டைப் பாருங்க. எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு தெரியும். விழுந்துட்டா, சவாரி விவரத்தையும் ரெண்டு வண்டி நம்பரையும் போட்டோ எடுத்து வைங்க. ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லுங்க. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை கொடுக்கற "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல இருக்கு. தீர்ப்பாயத்துல மனு போட 2022 ஏப்ரல்ல இருந்து ஆறு மாசக் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குல, காலம் கடந்துச்சுன்னு மனுக்களைத் தள்ளக் கூடாதுன்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டிருக்கு. அதை நம்பிச் சும்மா இருக்காதீங்க, சீக்கிரமே போடுங்க.

என்னோட ஆறு மாசம் முடியப் போகுது. பையன் நேத்து போன் பண்ணான். "கை எப்படிண்ணா இருக்கு?"ன்னு விசாரிச்சான். இன்னமும் அதே வண்டியிலதான் ஓடறானாம்.

நீங்க என் இடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் பரவாயில்ல.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. கை உடைஞ்சதால சட்டம் படிச்சவன். உங்க வழக்குக்கு நல்ல வக்கீலா பாருங்க. :-)