வெள்ளைப் புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: ‘‘வீட்டுக்குப் பின்புறம் 4 சிமென்ட் தொட்டிகளில் கோல்டு ஃபிஷ், மோலி வளர்த்து வருகிறேன். வெளியிலிருந்து வாங்கிய புதுக் குஞ்சுகளை விட்ட ஒரு வாரத்தில், மீன்கள் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நீல மருந்தை 3 நாள் ஊற்றியதும் மறைந்தன. இப்போது முன்னைவிட அதிகமாக வந்து, தினமும் ஐந்தாறு மீன்கள் சாகின்றன. அடுத்த வாரம் வியாபாரி வருகிறார். குழுக் கடனும் கட்ட வேண்டும். என்ன செய்யலாம்?’’

- வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்.

பதில்: இது வெண்புள்ளி நோய். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியால் வருகிறது. மழைக்காலத்தில் தொட்டி நீர் திடீரெனக் குளிரும்போதும், புது மீன் வந்து சேரும்போதும் வேகமாகப் பரவும். மீன் தொட்டிச் சுவரில் உடம்பை உரசுவதும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பதும் முதல் அறிகுறிகள்.

மருந்து நின்றதும் நோய் திரும்பி வந்ததற்குக் காரணம் உண்டு. புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் பதுங்கியிருக்கிறது. அங்கே மருந்து அதைத் தொடாது. முற்றியதும் தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. மீன் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். அடியில் ஒட்டிய ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான குஞ்சு ஒட்டுண்ணிகளாகப் பிரிந்து நீந்தி வந்து மீனைத் தேடும். 2 நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்தோ உப்போ கொல்வது நீந்தும் இந்தப் பருவத்தை மட்டுமே. ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் சில நாள் கூடும்.

சிமென்ட் தொட்டிக்குக் கல் உப்பே போதும். லிட்டருக்கு 3 கிராம். தொட்டியின் உயரத்தை அல்ல, நீரின் ஆழத்தை அளக்க வேண்டும். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி நீர் என்றால் 36 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் வீதம் ஏறக்குறைய 1,000 லிட்டர். 3 கிலோ உப்பை மூன்று பங்காக்கி, காலை, மாலை, மறுநாள் காலை என்று கரைத்து ஊற்றலாம். தொட்டியில் கெளுத்தி வகை மீன் இருந்தால் பாதி அளவே போதும். நீர்ச் செடிகளை முன்பே எடுத்துவிட வேண்டும்.

தினமும் குழாய் வைத்து அடி வண்டலோடு கால் பங்கு நீரை உறிஞ்சி எடுத்தால், ஒட்டுண்ணியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வெயிலில் நீர் வற்றினாலும் உப்பு வற்றாது. எனவே வெளியேற்றிய நீருக்கு மட்டும் கணக்கிட்டு, 250 லிட்டருக்கு 750 கிராம் சேர்க்க வேண்டும். வழக்கமாக மீன் தொட்டி நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பி விடுவார்கள். இந்த உப்பு நீரை விட்டால் கீரை கருகும். இரவிலும் மழையிலும் தொட்டியைத் தார்ப்பாயால் மூடி, காற்றுக் குழாயை ஓட விட வேண்டும். இறந்த மீனைக் கிணற்றிலோ குளத்திலோ போடாமல் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

மனிதருக்கான ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. வெண்புள்ளிக்கு அது காசைத் தண்ணீரில் போடுவதுதான். மாலகைட் பச்சை கலந்த மருந்தை, உண்ணும் மீன் வளரும் குட்டைப் பக்கமே கொண்டு போகக் கூடாது.

புள்ளி எல்லாமே நோயும் அல்ல. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் விளிம்பிலும் மட்டும் வெள்ளை முத்துகள் வரும். மீன் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். அதற்கு மருந்து ஊற்றி நல்ல இனமீனைக் கொன்றவர்கள் உண்டு. மோலியின் வாயில் பஞ்சு போலப் படர்ந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. உப்பு மட்டும் போதாது. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தால், முதலில் பார்க்க வேண்டியது காற்றையும் தீவன மிச்சத்தையும்.

வியாபாரிக்கு இந்த முறை மீன் கொடுக்கக் கூடாது. பிடித்து, பையில் அடைத்து, வண்டியில் ஏற்றும் அலைச்சலிலேயே பாதி சாகும். மிச்சம் அவருடைய தொட்டிகளையும் கெடுக்கும். மூன்று வாரம் தவணை கேட்பதே நல்லது. காரணத்தைச் சொன்னால் அனுபவமுள்ள வியாபாரி கோபப்பட மாட்டார். குழுவிலும் இப்போதே சொல்லிவிடலாம்.

இனிப் புது மீன் வந்தால் 3 வாரம் தனித் தொட்டி, தனிக் கைவலை. வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்தாலே இந்த ஒட்டுண்ணி சாகும்.

10 நாளில் சாவு குறையாவிட்டால் பொன்னேரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். செத்த மீனைக் கொண்டு போனால் பயனில்லை. ஒட்டுண்ணி அதை விட்டுப் போயிருக்கும். நோயுள்ள உயிர் மீன் இரண்டு மூன்றும், தனிப் பாட்டிலில் தொட்டி நீரும் எடுத்துச் செல்ல வேண்டும்.