மகளிரியல் படித்தால் யார் வேலை தருவார்கள்?

"மகளிரியலா? அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?" சிவகிரியில் மகளின் முதுகலைப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பதில் தவறில்லை. பதிலைத் தேடாமலேயே 'ஒன்றும் கிடைக்காது' என்று தீர்ப்பெழுதுவதுதான் அநியாயம்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர்கள் வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் உறுப்பினர். சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்யும் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கியது. கல்லூரி ஆசிரியராக விரும்பினால், யுஜிசி நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடம்.

இந்த இடங்கள் மகளிரியல் பட்டதாரிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை அல்ல. சமூகப்பணியும் சட்டமும் படித்தவர்களோடு முட்டி மோதத்தான் வேண்டும். பொறியியல் படித்த பையன்களுக்கு மட்டும் போட்டி இல்லையா என்ன?

கவலைப்பட வேண்டியது கல்லூரித் தேர்வைப் பற்றி. 1984-இல் தொடங்கிய கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகட்டும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மகளிரியல் துறை ஆகட்டும், நேரில் போய் விசாரிக்கலாம். களப்பணி எத்தனை வாரம்? புள்ளியியல் உண்டா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பேருந்தைப் பிடித்துவிடலாம்.