எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

ஹாஸ்டலில் தீபாவளி எப்போது தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசியில் இல்லை. ரயில் முன்பதிவு திறக்கிற அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு. நாலு பேர், நாலு போன், ஒரே வைஃபை. "டேய் எனக்கு லாகின் ஆயிடுச்சு", "எனக்கு இன்னும் சுத்திக்கிட்டே இருக்குடா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே எட்டு மணி நாலு நிமிஷம் ஆகும், வெயிட்டிங் லிஸ்ட் வந்து நிற்கும். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே திறப்பார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். நாள் குறைந்தது, அடிதடி குறையவில்லை. மதுரைப் பக்கம் போகிற எவனையும் கேட்டுப் பாருங்கள், பாண்டியனில் இடம் கிடைத்த கதையைப் பெருமையாகச் சொல்லுவான்.

சரி, இவ்வளவு அடித்துப்பிடித்து ஊருக்குப் போய் நாம் என்ன செய்கிறோம்?

என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருஷமும் தூங்கினேன். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் போய் இறங்குவேன். மறுநாள் விடியுமுன் எழுப்பி எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். இட்லி, கறிக்குழம்பு. புதுச்சட்டையில் ஒரு போட்டோ, அது ஸ்டேட்டஸில் ஏறும். பிறகு போன். மறுநாள் ராத்திரி திரும்பவும் ரயில், கையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா. அந்த டப்பா நம் அறையில் எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதாவது, சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போய் வந்தேன். அதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பண்டிகையில் நமக்குக் கிடைக்கிற நல்லது அந்த ஒரு நாளில் இல்லை, அதற்கு முந்தின பத்து நாள் வேலையில் இருக்கிறது என்பதை, பண்டிகையே இல்லாமல் போன ஒரு வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

2024 ஆவணியில் எங்கள் அப்பத்தா இறந்துபோனார். எங்கள் வீடு மேலூர் பக்கம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதாவது முறுக்கோ அதிரசமோ எதுவும் வீட்டில் சுடக்கூடாது. புதுத்துணியும் இல்லை. இது எல்லாம் காதில் விழுந்திருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் நடக்கும்வரை அது என்னவென்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. வெள்ளிக்கும் அரசு லீவு விட்டதால் நாலு நாள் சேர்ந்து வந்தது. ஹாஸ்டலே குஷியில் இருந்தது. நானும் போனேன். தீபாவளி அன்று காலை நாலரைக்குத் தானாக முழிப்பு வந்துவிட்டது. யாரும் எழுப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு மேல் தெருவில் வெடிச் சத்தம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் பால் கொதிக்கிற சத்தம் மட்டும். அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச்சட்டை இல்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு என்னென்னவோ ஞாபகம் வந்தது. அரிசி ஊறவைத்த வாசம். கூடத்தில் விரித்த வேட்டியில் நிழலில் உலரும் பச்சரிசி, அதை மிதித்துவிட்டு நான் வாங்கிய திட்டு. மில்லில் வரிசையில் நின்று, அரைத்த ஈரமாவைச் சூடு ஆறுவதற்குள் வண்டியில் கொண்டுவரும் அப்பா, அவர் சட்டையெல்லாம் வெள்ளை. உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்து 'தப்பு தப்பு' என்று தட்டும் அப்பத்தாவின் கை. சீயக்காய் கண்ணில் பட்டு நான் போடும் கூப்பாடு. இதில் ஒன்றைக்கூட நான் எந்தக் காலத்திலும் போட்டோ எடுத்ததில்லை. போட்டோ எடுத்ததெல்லாம் சட்டையைத்தான்.

எட்டு மணி போல வாசலில் ஆள் சத்தம். பக்கத்து வீட்டு அத்தை தூக்குவாளியோடு நின்றார். பின்னாலேயே மேலத் தெருவிலிருந்து பெரியம்மா. அப்புறம் எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து. ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டுக் கஞ்சியும் பக்ரீத்துக்கு பிரியாணியும் எங்களுக்கு வரும், தீபாவளிக்கு எங்கள் பலகாரம் அங்கே போகும். பல வருஷமாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அந்த வீட்டு அத்தை பாத்திரத்தை அம்மா கையில் கொடுத்து, "இந்த வருஷம் நாங்க குடுக்குறோம், அடுத்த வருஷம் நீங்க குடுங்க" என்றார். அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை. மதியத்துக்குள் எங்கள் வீட்டு மேசையில் ஏழு வீட்டுப் பலகாரம். சட்டியே வைக்காத வீட்டில், வைத்த வருஷங்களைவிட அதிகம்.

அப்பத்தாவுக்கு ஒரு சொல் உண்டு: கொடுப்பினை. "நாலு பேருக்குச் சுட்டுக் குடுக்க ஒரு கொடுப்பினை வேணும்டா" என்பார். ஆங்கில மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ரொம்ப நாள் சரியாகப் பிடிபடவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அந்த மேசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'கொடுப்பு' இருக்கிறது. அது லாட்டரி மாதிரி மேலிருந்து விழுவதில்லை. யாரோ இத்தனை வருஷம் கொடுத்து வைத்தது, இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கொடுத்தது அப்பத்தா. தூக்கிக்கொண்டு போனது மட்டும் நான்.

அந்தத் தூக்கிக்கொண்டு போகிற வேலையையும் அவர்தான் எனக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் தீபாவளி வேலைக்கு ஆளாளுக்கு ஒரு பங்கு இருந்தது. அப்பாவுக்கு மில். சித்தப்பாவுக்கு முறுக்கு உரலை அழுத்துவது. தங்கச்சிக்கு வாழையிலையில் எண்ணெய் தடவுவது. எனக்கு இரண்டு. சட்டியிலிருந்து எடுத்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெய் பிழிவது. பிறகு தூக்குவாளியோடு தெருவைச் சுற்றுவது. "சும்மா நிக்கிறவனுக்குப் பலகாரம் கெடையாது" என்பது அவர் சட்டம். கொடுத்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அந்தச் சர்க்கரையை வழியிலேயே நக்கியது என் சம்பளம். பிளஸ் ஒன் வந்ததும் டியூஷன், டெஸ்ட் என்று அந்த வேலையிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள். "படிக்கிற புள்ளை" என்றார்கள். எனக்கும் வசதியாக இருந்தது. அன்றைக்குத்தான் நான் விருந்தாளி ஆனேன் என்பது இப்போது புரிகிறது.

இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள். கடையில் எல்லாம் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு? நியாயமான கேள்வி. இன்னும் நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதைப் பெண்கள்தான் கேட்பார்கள்: பண்டிகை வரம் என்கிறாயே, யாருக்கு? விடிய விடிய அடுப்பு முன்னால் நின்றவர்களுக்கா, எழுந்து வந்து சாப்பிட்டவர்களுக்கா?

இதற்கு என்னால் சமாளிப்புப் பதில் சொல்ல முடியாது. அம்மா வேலைக்குப் போகிறார். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்கு முறுக்கு மாவு பிசைந்து, பதினோரு மணிக்குச் சட்டியை இறக்குவார். தீபாவளி அன்று மதியம் எல்லோரும் டிவி பார்க்கும்போது சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவார். அந்தப் படமும் என் தீபாவளி ஞாபகங்களில் ஒன்றுதான். 'அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். ஒரே ஆள் தலையில் விழுந்தால் அது பாரம். பத்துக் கையில் பிரிந்தால்தான் பண்டிகை. அதனால் கடையில் வாங்குகிற வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். செய்ய ஆளில்லாமல் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஆள் இருந்தும், அந்த ஆள் போனோடு படுத்துக்கிடக்க, அம்மா தனியாக நிற்பது தப்பு. படுத்துக்கிடந்த ஆள் நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு, அதாவது 2025 அக்டோபர் 20-க்கு, இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டேன். அதிரசம் நான் சுடுகிறேன் என்றேன். அம்மா சிரித்தார். அப்பத்தா இருந்தவரை பாகு வைப்பது அவர் வேலை, அம்மாவே அதில் கை வைத்ததில்லை. அளவு மட்டும் அம்மாவுக்குத் தெரியும்: ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம், ஏலக்காய், சுக்கு. நான் லேப் ரெக்கார்டு மாதிரி எழுதினேன். எய்ம், அப்பாரட்டஸ், புரொசீஜர். வெல்லப்பாகு 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸுக்குள் வந்தால் தண்ணீரில் விடும்போது மெத்தென்ற உருண்டையாகத் திரளும் என்று தேடிப் படித்தும் வைத்திருந்தேன். தெர்மாமீட்டர்தான் இல்லை. அப்பத்தாவிடமும் இருந்ததில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டிப் பார்த்து, "வந்துருச்சு, எறக்கு" என்பார். அந்த ஒரு நொடிக்கு என் ரெக்கார்டில் காலமே இல்லை. பதம் என்றால் அதுதான்.

நான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். சனிக்கிழமை கிளறி, நெய் தடவி மூடிவைத்த மாவு, ஞாயிறு ராத்திரி திறந்தபோது தளதளவென்று இருந்தது. முதல் அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து, சட்டி முழுக்க நுரையும் துகளுமாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. தங்கச்சி வீடியோ எடுத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "எங்கம்மாவுக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு, பச்சரிசி மாவு கொஞ்சம் சேத்து பெசைஞ்சாங்க" என்றார். அப்பத்தா போனதிலிருந்து அவரைப் பற்றி அப்பா தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மாவு சேர்த்தோம். மூன்றாவது நின்றது. கோணலாக, ஒரு பக்கம் கருகலாக, ஆனால் நின்றது. நான் சுட, அப்பா கரண்டியில் பிழிய, நாற்பத்திரண்டு அதிரசம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குறை மட்டும் சொன்னார். அடுப்படியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை தூக்குவாளியை நானே எடுத்தேன். ஏழு வீடு. எதிர்வீட்டு அத்தை ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "கொஞ்சம் கடிக்கத்தான் வேண்டியிருக்கு, பரவாயில்ல" என்றார். பாத்திரத்தில் சர்க்கரை போட்டுத் தந்தார். இருபத்தொரு வயதில் நடுத்தெருவில் நக்க வெட்கமாக இருந்தது. நக்கினேன்.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்து பொங்கல் வருகிறது, நீங்கள் மறுபடியும் ஊருக்குப் போவீர்கள். முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்கு இன்னும் மூன்று பொங்கல் இருக்கிறது. எங்களுக்கு இது கடைசி. ஜூலையில் வேலையில் சேருகிறவர்களுக்கு அடுத்த பண்டிகைக்கு லீவு கிடைக்குமா என்பது மேனேஜர் கையில். அதனால் கேட்கிறேன்: இந்தத் தடவை வீட்டில் ஏதாவது ஒரு வேலையை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாக வேண்டாம். கரும்பு வாங்கி வருவது, பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டுவது, பால் பொங்கும்வரை அடுப்புப் பக்கத்திலேயே நிற்பது, எதுவானாலும் சரி. ஆம்பளைப் பையன்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன். வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அளவைக் கேளுங்கள். அளவை மட்டுமில்லை, பதத்தையும் கேளுங்கள். அவர்களுக்கு வாயால் சொல்ல வராது, கையைப் பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு ஒன்று கட்டாயம் இருக்கும். பொங்கல் வைக்காத வீடும் இருக்கும். அம்மாவிடம் கேட்டால் தெரியும். அந்த வீட்டுக்குத் தூக்குவாளியை நீங்களே கொண்டுபோங்கள். பேச ஒன்றும் தேவையில்லை. "அடுத்த வருஷம் நீங்க குடுங்க" என்று சொன்னால் போதும்.