குடும்பத் தலைவியின் கைபேசி எண் யாருடையது?

அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம். 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பெண்ணுக்கு அதிகாரம் தருவதாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்தானே ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி என்கிறார்கள்.

கதிர்காமத்தில் வசிக்கும் நான் கேட்கிறேன்: அந்தத் தலைவியின் கணக்கோடு இணைத்திருக்கும் கைபேசி எண் யாருடையது? எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அது மகனுடையது, இல்லையென்றால் கணவனுடையது. பணம் வந்த குறுஞ்செய்தி அவன் சட்டைப்பையில்தான் ஒலிக்கிறது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் அவனிடமே. அவள் அறியுமுன் அது சாராயக்கடைக்கோ வட்டிக்கோ போய்விடும். அரிசி அப்படியல்ல. அது நேராக அடுக்களைக்கு வரும். வந்ததும் அவளுக்குத் தெரியும், குறைந்ததும் தெரியும்.

தொழில்நுட்பம் வெற்றிடத்தில் இறங்குவதில்லை. யார் முதலில் சாப்பிடுவது, யார் கணக்குக் கேட்பது என்பது ஏற்கெனவே முடிவான வீட்டுக்குள்தான் அது நுழைகிறது. நுழைந்து, இருக்கும் அதிகாரத்துக்கே கூடுதல் சாவி கொடுக்கிறது.

ரேஷன் கடை சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. புழுத்த அரிசியும் எடைக்குறைவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் எடை குறைந்தால் பத்துப் பெண்கள் சேர்ந்து சத்தம் போட முடிந்தது. யார் வீட்டில் அடி, யார் வீட்டில் பட்டினி என்பதையும் அந்த வரிசைதான் ஊருக்குச் சொன்னது. கடைகள் மூடப்பட்டபோது பெண்கள் கூடிப் பேச இருந்த ஒரு பொதுவெளியும் மூடப்பட்டது. பணம் வரவில்லை என்றால் இன்று வங்கி, அரசு அலுவலகம், கணினி மையம் என்று ஒவ்வொருத்தியும் தனியாக, அன்றைய கூலியை இழந்து அலைய வேண்டும். "சிஸ்டம்ல போயிருக்கும்மா" என்ற பதிலோடு எப்படிச் சண்டை போடுவது?

2024 தீபாவளியையொட்டிக் கடைகள் மீண்டும் திறந்தன. அதைப் பண்டிகைப் பரிசாக ஏற்று நன்றி சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. அரிசியா பணமா என்பதைக் குடும்பத் தலைவியே தீர்மானிக்க வேண்டும். பணம் என்றால், அவள் கையில் இருக்கும் எண்ணுக்கே செய்தி வரவேண்டும், அவளுக்குப் புரியும் தமிழில். நேரில் கேள்வி கேட்க ஒரு கடையும், பதில் சொல்ல ஒரு மனிதரும் அவள் தெருவிலேயே இருக்க வேண்டும்.