இதனால் என்ன பயன்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களிடம் ஊரார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இதைப் படிச்சு என்ன பயன்?" கேட்பதில் குற்றமில்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளையிடம் இதே கேள்வியை யாரும் இவ்வளவு அழுத்திக் கேட்பதில்லையே! அறிந்துகொள்ளும் ஆசை அவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமா? இல்லை என்பதே என் கட்சி. சாட்சிக்கு உவர்நீர் வைரசுகளை அழைக்கிறேன்.

உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல்நீர் பாத்திக்கு வந்து, வெயிலில் சுண்டி, உப்பு விளையும் தறுவாயில் செந்நிறம் கொள்ளும். தூத்துக்குடிப் பக்கத்து அளங்களில் உப்பு வாரியவர் என் அம்மா. அந்தச் சிவப்பு பெரும்பாலும் நுண்ணுயிர்களின் நிறம் என்று நான் சொன்னபோது, "உப்புல புழு பூச்சிகூட அண்டாது, நீ என்ன சொல்லுத?" என்றார். அவர் ஐயம் நியாயமானதே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. விளையும் பாத்தியிலோ 300 கிராமுக்கும் மேல். மீனைப் போட்டால் கருவாடாகிவிடும் அந்த நீரில் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. உடலுக்குள் பொட்டாசியம் உப்பை நிரப்பி வெளியுப்பை ஈடுகட்டுகின்றன. நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துச் சாகும்!

இவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் அந்த உப்பைத் தாங்குவதில்லை. அப்படியானால் பகையே கிடையாதா? உண்டு, வைரசு. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளங்களில் நடந்த ஆய்வொன்று, உவர்ப்பு ஏற ஏற வைரசுகளின் எண்ணிக்கையும் ஏறுவதை 1996-இல் காட்டியது. பெயரிலேயே சாவைச் சுமக்கும் சாக்கடலிலும் ஒரு மில்லிலிட்டர் நீரில் கோடிக்கணக்கான வைரசுத் துகள்கள் எண்ணப்பட்டன. ஆஸ்திரேலிய உப்பளத்தில் கண்ட ஒன்று எலுமிச்சம்பழ வடிவம்! நம்மை இவை ஒன்றும் செய்வதில்லை.

இவ்வகை வைரசை 1974-இல் முதலில் அறிவித்தவர்கள் நார்வே நாட்டின் டோர்ஸ்விக், டண்டாஸ் ஆகிய இருவர். 1980-இல் அவர்களே மற்றொரு விந்தையையும் கண்டார்கள். உப்புச் செறிவு மிகுந்திருக்கும்போது அந்த வைரசு ஆர்க்கியாவைக் கொல்லாமல் கூடவே தங்கிவிடுகிறது. செறிவு குறைந்தால் கொன்று பெருகுகிறது. வெயிலில் குடித்தனக்காரன், மழை வந்தால் கொலைகாரன்! மழை பெய்தால் அளத்தில் வேலை நின்று அடுப்பும் நின்றுபோகும் வீட்டில் பிறந்த எனக்கு, இச்செய்தி பாடநூலின் எந்தப் பக்கத்தையும்விட நெருக்கமாக இருந்தது.

சரி, பயன்? அதே சாந்தா போலாவின் ஆர்க்கியா ஒன்றை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொகிகா, அதன் மரபுப்பொருளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதை 1993-இல் எழுதினார். இடையிடையே இருந்த துண்டுகள் பழைய வைரசுகளின் அடையாளங்கள், அதாவது நுண்ணுயிர் வைத்திருக்கும் பகைவர் பட்டியல் என்பதை 2005-இல் வெளியிட்டார். அதுதான் கிரிஸ்பர். அதை மரபணு வெட்டும் கருவியாக்கிய சார்பென்டியே, டவுட்னா இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசு. 2023-இல் அரிவாள் செல் சோகைக்கு அதன்வழிச் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

ஊராரை வாயடைக்க இது போதும். ஆனால் எனக்குப் போதாது. பயன் வந்ததால்தான் படிப்பு சரி என்றால், அதே முழக்கோலைத்தான் நானும் கையில் எடுத்தவனாவேன். டோர்ஸ்விக்கின் வைரசு இதுவரை யார் நோயையும் தீர்த்ததாக நான் படித்ததில்லை. அதனால் அது அறியத் தகாததாகிவிடுமா?

"இதற்கெல்லாம் வெளிநாட்டு ஆய்வகம் வேண்டும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். வைரசைக் கண்ணால் காண எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்தான். அது கொன்ற இடத்தைக் காண வேண்டாமே! உப்பு மிகுத்த அகார் தட்டில் ஆர்க்கியாவை வளர்த்து வைரசைக் கலந்தால், செத்த இடங்கள் தெளிந்த வட்டங்களாக வெறுங்கண்ணுக்கே தெரியும். உப்பு, அகார், அடைகாப்பான், சில வாரப் பொறுமை, இவ்வளவே தேவை. வரும் ஆண்டில் பாத்தி நீர் கொண்டுவருவது என் பொறுப்பு. அகார் வாங்கித் தரத் துறை முன்வர வேண்டும்.